மின்தூக்கிக் கதவுப் பூட்டை லிமிட் சுவிட்ச் கொண்டு இயக்குவது எப்படி?

சிங்கப்பூரில் மின்தூக்கி நிறுவும் வேலைக்கோ பராமரிக்கும் வேலைக்கோ புதிதாக வருபவர், ஊரில் ஐடிஐ முடித்தவரானாலும் இங்கே தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவரானாலும், மோட்டார், கான்டாக்டர், ரிலே ஆகியவற்றை ஓரளவு அறிந்தே வருகிறார். அவர் தயங்கி நிற்கும் இடம் கதவுப் பூட்டுச் சுற்று. வரைபடத்தில் ஒரே மாதிரிக் குறியீடு பத்துப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. அவற்றுள் எது கதவைத் திறக்க அனுமதிக்கிறது, எது கதவு பூட்டியிருப்பதை உறுதி செய்கிறது, எது கேபினை நிறுத்துகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குவதில்லை. மூன்று தளங்களுக்கு மட்டும் செல்லும், கீல் கதவுகள் கொண்ட ஒரு சரக்கு மின்தூக்கியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்தச் சுற்றைப் படிப்படியாகப் பார்க்கலாம். கிடங்குகளிலும் பழைய தொழிற்கூடங்களிலும் இத்தகைய மின்தூக்கிகள் உண்டு. தானியங்கி நெகிழ்கதவுகள் இல்லாததால் பூட்டின் வேலை இவற்றில் தனித்துத் தெரியும், கற்றுக்கொள்ள ஏற்றவை.

தொடங்குமுன் சட்டநிலையைச் சொல்லிவிட வேண்டும். 2016 ஜூலை 25 முதல் இங்குள்ள மின்தூக்கிகளை இயக்கக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் இயக்க அனுமதி தேவை. பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் மாதந்தோறும் பராமரிக்க வேண்டும். ஆண்டுதோறும் சிறப்புத் தகுதி பெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டும். ஆகவே பூட்டின் வகையையோ அதன் சுற்றையோ மாற்றுவது ஒரு தொழில்நுட்பர் தாமாக எடுக்கும் முடிவன்று. இந்தக் கட்டுரை, பொறியாளர் ஒப்புதல் தந்த வரைபடத்தைப் புரிந்துகொள்ளவும், மேற்பார்வையாளர் உடனிருக்க அதன்படி பொருத்திச் சோதிக்கவும் உதவுவதற்காக எழுதப்பட்டது.

இரண்டு சுற்றுகள், இரண்டு மனிதர்கள்

வரைபடத்தைக் கையில் எடுத்ததும் இரண்டு நிறப் பேனாக்களால் இரண்டு சுற்றுகளைப் பிரித்துக் கோடிடுங்கள். முதலாவது பாதுகாப்புச் சுற்று. அவசர நிறுத்தப் பொத்தான், மேலும் கீழும் உள்ள இறுதி எல்லைச் சுவிட்ச்கள், வேகம் மீறினால் பிரியும் கவர்னர் சுவிட்ச், கேபின் கதவின் காண்டாக்ட் (சேர்ந்தால் சுற்றை மூடி, பிரிந்தால் துண்டிக்கும் முனைகள்), ஒவ்வொரு தளக்கதவின் காண்டாக்ட், ஒவ்வொரு பூட்டின் காண்டாக்ட் ஆகிய எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் நின்று, கடைசியில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மேல், கீழ் கான்டாக்டர்களின் காயிலுக்கு வந்துசேரும். இதில் ஒன்று பிரிந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போகாது, பிரேக் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, பூட்டைத் திறக்கும் சுற்று. கேபின் எந்தத் தளத்தில் நிற்கிறதோ அந்தத் தளத்தின் லிமிட் சுவிட்ச் (கேபின் வந்து தள்ளினால் அழுந்தும் சுவிட்ச்) அழுந்தியிருக்கும்போது மட்டும், அதுவும் மோட்டார் ஓடாத நிலையில் மட்டும், அந்தக் கதவின் சொலினாய்டுக்கு, அதாவது பூட்டின் நாக்கை இழுத்துத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு, மின்சாரம் அனுப்புவது இது.

பாதுகாப்புச் சுற்று காப்பது கேபினுக்குள்ளும் அதன் வாசலிலும் இருப்பவரை. கேபின் வேறு தளத்தில் இருக்கும்போது வெளியே தள்ளுவண்டியோடு நின்று கதவை இழுப்பவரை அது காப்பதில்லை. கதவு திறந்துவிட்டால் அந்தச் சுற்று கேபினை நிறுத்தும், அவ்வளவுதான், அவருக்கு முன்னால் இருப்பது வெறும் ஷாஃப்ட், கேபின் ஏறி இறங்கும் குழி. அவரைக் காப்பது பூட்டும், பூட்டைத் திறக்கும் சுற்றுமே. புதியவர்கள் முதல் சுற்றை மிகக் கவனமாகச் சோதித்துவிட்டு, இரண்டாவதைக் ‘கதவு திறக்கிறதா, சரி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டாவது சுற்றைப் பற்றியதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பூட்டு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்

அலுவலக வாசல்களில் அட்டை காட்டித் திறக்கும் கதவுகளில் பணியாற்றியவர்கள், மின்காந்தப் பூட்டை இங்கேயும் போடலாமே என்று கேட்பதுண்டு. கூடாது. அந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். தீயின்போது மக்கள் வெளியேற வேண்டிய வாசலுக்கு அதுவே முறை. தளக்கதவுக்கு வேண்டியது நேர் எதிரான பண்பு. மின்சாரம் இல்லாத நேரத்தில் பூட்டின் நாக்கு அதன் சொந்த எடையாலோ அழுத்த ஸ்பிரிங்காலோ நிரந்தரக் காந்தத்தாலோ பூட்டிய நிலையிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் செய்ய வேண்டியது திறக்கும் வேலையை மட்டுமே. ஸ்பிரிங் உடைந்தால்கூட நாக்கு தன் எடையால் கீழிறங்கித் திறந்துகொள்ளும்படி பூட்டைத் தலைகீழாகப் பொருத்தக் கூடாது என்பதும் இதில் அடங்கும். உள்ளே சிக்கியவரை மீட்கப் பயிற்சி பெற்றவர் முக்கோணச் சாவியால் வெளியிலிருந்து திறக்கலாம்.

சிங்கப்பூரின் மின்தூக்கி விதித்தொகுப்பான எஸ்எஸ் 550, ஐரோப்பியத் தரமான இஎன் 81-20-ஐ ஒட்டியது. அந்த ஐரோப்பியத் தரப்படி, பூட்டு நாக்கு குறைந்தது 7 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிக்குள் நுழைந்த பிறகே கேபின் நகர முடிய வேண்டும். இந்த 7 மில்லிமீட்டரை நினைவில் வையுங்கள், சோதனைப் படியில் திரும்பவும் அளக்கப் போகிறோம்.

பூட்டியிருப்பதை எது சொல்ல வேண்டும்

இங்கேதான் லிமிட் சுவிட்சின் எல்லை தெரிய வேண்டும். சாதாரண லிமிட் சுவிட்ச் ஒன்றை நாக்கின் நுனியில் வைத்து, நாக்கு வெளியே வந்ததும் அதை அழுத்திச் சுற்றை மூடும்படி இணைத்தால், மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது அது பிழையின்றி வேலை செய்யும். ஆனால் நாக்கு பின்வாங்கும்போது அந்தக் காண்டாக்டைப் பிரிக்க வேண்டியது சுவிட்சுக்குள் இருக்கும் சிறிய ஸ்பிரிங் மட்டுமே. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, காண்டாக்ட் முனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டாலோ, கதவு திறந்திருந்தும் ‘பூட்டியிருக்கிறது’ என்ற செய்தியே கான்டாக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எதிர்த்திசையில், நாக்கு பின்வாங்கும்போது சுவிட்சை அழுத்தி, அந்த அழுத்தத்தாலேயே காண்டாக்டை வலுவில் பிரிக்கும்படி அமைக்கலாம். இப்படிப்பட்ட சுவிட்சின் உடலில் ஒரு வட்டத்துக்குள் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அந்தக் குறி இல்லாத சுவிட்சைப் பாதுகாப்புச் சுற்றில் எந்த இடத்திலும் ஏற்காதீர்கள். இதிலும் ஒரு குறை உண்டு. சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், நாக்கு அதைத் தொடவே தொடாது, காண்டாக்ட் மூடியபடியே இருந்துவிடும்.

ஆகவேதான் மின்தூக்கிக்கென்று சான்றளிக்கப்பட்ட பூட்டுகளில் தனிச் சுவிட்சே கிடையாது. நாக்கின் உடலிலேயே ஒரு செம்புப் பாலம் பொருத்தப்பட்டிருக்கும். நாக்கு கொண்டிக்குள் போகும்போது அந்தப் பாலம் எதிரே உள்ள இரண்டு நிலையான முனைகளை இணைக்கும், நாக்கு கொண்டியை விட்டு வெளியே வந்தால் பாலமும் கூடவே வந்துவிடும், இடையில் தளரவோ முறியவோ ஒரு நெம்புகோலும் இல்லை. பூட்டைக் கண்காணிக்க இந்த வகையையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லிமிட் சுவிட்சின் இடம் ஷாஃப்டில். கேபின் எங்கே நிற்கிறது என்று சொல்வது அதன் வேலை.

பூட்டுக்கு ஒரு காண்டாக்ட் இருந்தாலும் கதவுக்கென்று தனியாக இன்னொன்று வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே யாராவது நாக்கை விரலால் பூட்டிய நிலைக்குத் தள்ளினால், பூட்டு மட்டும் ‘பூட்டியாயிற்று’ என்று சொல்லிவிடக்கூடும். கதவு சட்டத்தில் வந்து அமர்ந்ததை இரண்டாவது காண்டாக்ட் சொன்னால்தான் சுற்று முழுமையாகும்.

தளச் சுவிட்சைப் பொருத்துதல்

ஷாஃப்டில் ஏறுவதற்கு முன் முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பூட்டு மாட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மோட்டாருக்கு வருவது 400 வோல்ட் மும்முனை மின்சாரம், கட்டுப்பாட்டுப் பகுதிக்கு 230 வோல்ட். பேனலில் பச்சை விளக்கு அணைந்திருப்பதை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு தளத்திலும் ரோலர் லீவர் கொண்ட ஒரு லிமிட் சுவிட்சை, கேபின் ஓடும் தண்டவாளமான கைடு ரெயிலின் பிராக்கெட்டில் பொருத்துகிறோம். கேபினின் பக்கவாட்டில் ஒரு நீண்ட கேம் தகடு இருக்கும். கேபின் தளத்துக்கு வரும்போது கேமின் சரிவு ரோலரை மெல்லத் தள்ளி, நேர்ப்பகுதி அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சரிவு செங்குத்தாக இருந்தால் ரோலர் ஒவ்வொரு முறையும் அடிபட்டுச் சில மாதங்களில் லீவர் வளையும். நேர்ப்பகுதி அழுத்தும்போதும் லீவர் தன் கடைசி எல்லையைத் தொடக்கூடாது. கேபின், ரெயிலைப் பற்றிச் செல்லும் கைடு ஷூவின் இடைவெளிக்கு ஏற்பப் பக்கவாட்டில் சற்று அசையும், அந்த அசைவைத் தாங்க லீவருக்கு மிச்ச இடம் வேண்டும்.

கேமின் நீளமே பூட்டு திறக்கும் எல்லையைத் தீர்மானிக்கிறது. தரம் அனுமதிக்கும் உச்ச அளவு தள மட்டத்திற்கு மேலே 200, கீழே 200 மில்லிமீட்டர். கேபின் கதவும் தளக்கதவும் ஒரே இயந்திரத்தால் சேர்ந்து இயங்கினால் 350 வரை போகலாம். கையால் திறக்கும் கீல் கதவுக்கு இந்த உச்ச அளவு தேவையே இல்லை. நேர்ப்பகுதி 150 மில்லிமீட்டர் இருந்தால் மேலும் கீழும் 75 கிடைக்கும், நம் எடுத்துக்காட்டுக்கு அது தாராளம். தள்ளுவண்டியின் முன்சக்கரம் 75 மில்லிமீட்டர் படியிலேயே முட்டிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதற்கு மேல் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

கேபினை நிறுத்தும் சுவிட்சையே பூட்டைத் திறக்கவும் பயன்படுத்தினால் ஒன்று மிச்சமாகும் என்று தோன்றும். பாரம் ஏற்றிய கேபின் நிறுத்தக் கட்டளைக்குப் பிறகு சற்று வழுக்கி நிற்கும், காலிக் கேபின் வேறிடத்தில் நிற்கும். நிறுத்தச் சுவிட்சின் குறுகிய எல்லையை அது தாண்டிவிட்டால் கதவு திறக்காது. உடனே யாராவது அந்தச் சுவிட்சின் எல்லையைக் கூட்டுவார், நிற்கும் இடம் கெட்டுப்போகும். தனித்தனியாக வைத்துவிடுங்கள்.

திறக்கும் சுற்றை இணைத்தல்

இரண்டாம் தளத்தின் சொலினாய்டுக்குச் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட் நேர்மின்சாரத்தின் நேர்முனையில் தொடங்கி, மேல் கான்டாக்டரின் துணைக் காண்டாக்ட், கீழ் கான்டாக்டரின் துணைக் காண்டாக்ட் என்ற இரண்டும் தொடரில் வரும். இவை கான்டாக்டர் விடுபட்டிருக்கும்போது மட்டுமே மூடியிருப்பவை. அடுத்து, மோட்டார் நின்று பிரேக் பிடித்துச் சிறிது நேரம் கழித்தே மூடும் டைமர். அதன்பின் இரண்டாம் தளத்தின் லிமிட் சுவிட்ச், அழுந்தினால் மூடும் காண்டாக்ட். கடைசியில் சொலினாய்டு. கேபின் முதல் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்குப் போகும் வழியில் இரண்டாம் தளச் சுவிட்ச் ஒரு கணம் அழுந்தத்தான் செய்யும். அப்போது கான்டாக்டர் இழுத்துப் பிடித்திருப்பதால் பூட்டு அசையாது.

சொலினாய்டு காயிலின் குறுக்கே ஒரு டையோடு போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அணையும் ஒவ்வொரு முறையும் எழும் மின்னழுத்தம் லிமிட் சுவிட்சின் முனைகளை அரிக்கும். நீண்ட நேரம் மின்சாரம் தாங்காத சொலினாய்டாக இருந்தால், திறக்கும் பொத்தானை அழுத்தியபின் சில வினாடிகளுக்கு மட்டும் மின்சாரம் செல்லும்படி வரைபடம் காட்டும்.

இப்போது அந்த முக்கியமான கேள்வி. இரண்டாம் தள லிமிட் சுவிட்சின் லீவர் துருப்பிடித்து, அழுந்திய நிலையிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபின் மூன்றாம் தளத்துக்குப் போய் நிற்கிறது. கான்டாக்டர்கள் விடுபடுகின்றன, டைமர் முடிகிறது. மேலே சொன்ன பாதை இரண்டாம் தளத்துக்கும் முழுமையாகிவிடுகிறது. கேபின் இல்லாத தளத்தில் பூட்டு திறந்துகொள்கிறது. பாதுகாப்புச் சுற்று உடனே துண்டிக்கப்படும்தான். ஆனால் கேபின் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதால் அதனால் யாருக்கும் பயனில்லை.

இந்த ஒற்றைப் பழுதுக்கு வழி சொல்லாத வரைபடம் முழுமையானதன்று. சிறந்த வழி, கேபினில் உள்ள கேமே பூட்டின் நெம்பைத் தள்ளித் திறக்கும் இயந்திர அமைப்பு. கேபின் அங்கே நேரில் இல்லாவிட்டால் தள்ள எதுவும் இல்லை. ஓடும்போது சுருங்கி, நின்றபின் வெளியே வரும் ஒதுங்கு கேம் இந்த வகையைச் சேர்ந்ததே. சொலினாய்டு வகையே பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில், குறைந்தபட்சம் வேறு வகை உணரி ஒன்று, எடுத்துக்காட்டாகக் கேபினில் காந்தச் சுவிட்ச், தளச் சுவிட்சோடு தொடரில் இருக்க வேண்டும். அதோடு இரண்டு தளச் சுவிட்ச்கள் ஒரே நேரத்தில் அழுந்தியிருந்தால் எல்லாச் சொலினாய்டுகளுக்கும் மின்சாரத்தை நிறுத்தும் ரிலே ஒன்றும் வேண்டும். காந்தச் சுவிட்ச் மட்டும் தனியே போதாது. மூன்றாம் தளத்தில் கேபின் சரியாக நிற்பதால் அது மூடியிருக்கும், இரண்டாம் தளப் பழுதை அது தடுக்காது. ஒப்பிட்டுப் பார்க்கும் ரிலேதான் தடுக்கும். வரைபடத்தில் இவற்றில் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் வயரை எடுக்காமல் பொறியாளரிடம் போய்க் கேளுங்கள்.

பாதுகாப்புச் சுற்றின் இணைப்பில் ஒரு விதி மட்டும் சொல்கிறேன். கட்டுப்பாட்டு மின்வழங்கியின் ஒரு முனை நில இணைப்புப் பெற்றிருக்கும். கான்டாக்டர் காயிலின் ஒரு முனை நேரே அந்தப் பக்கத்தோடு இணைய வேண்டும், எல்லாக் காண்டாக்ட்களும் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது ஷாஃப்டில் எங்கோ வயர் உரிந்து இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் போகும், மின்தூக்கி நிற்கும். காண்டாக்ட்களைக் காயிலுக்கும் நில இணைப்புக்கும் நடுவில் போட்டால், அதே உரிந்த வயர் எல்லாக் கதவுகளையும் தாண்டிக் காயிலுக்கு வழி கொடுத்துவிடும்.

சோதனை

மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு கதவாகத் தொடங்குங்கள். கதவைச் சாத்தி, நாக்கு மெல்ல நுழையும்போது மல்டிமீட்டர் ஒலிக்கும் கணத்தில் நிறுத்தி, நுழைந்த ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 7 மில்லிமீட்டருக்கு முன்பே ஒலித்தால் காண்டாக்டைத் திருத்த வேண்டும். கதவு தொங்கிப்போயிருந்தால் நாக்கு சாய்வாக நுழையும். அப்போது பூட்டைத் திருத்துவதில் பயனில்லை, முதலில் கீலைச் சரிசெய்யுங்கள்.

மின்சாரம் கொடுத்தபின், கேபினை ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி மற்ற இரண்டு தளக்கதவுகளையும் கைப்பிடியைப் பற்றி நன்றாக இழுத்துப் பாருங்கள். மெல்லத் தொட்டுப் பார்ப்பது சோதனையாகாது. அடுத்து, ஒரு தோழரை இரண்டாம் தளத்தில் தடுப்பு வைத்து நிற்கச் சொல்லிவிட்டு, கேபினை மூன்றில் நிறுத்தி, மேற்பார்வையாளர் பேனலில் இரண்டாம் தளச் சுவிட்ச் அழுந்தியது போன்ற நிலையை ஏற்படுத்தட்டும். கதவு பூட்டியபடியே இருக்க வேண்டும், பேனல் பழுது காட்ட வேண்டும். முன்னே சொன்ன ஒற்றைப் பழுதை நேரில் பார்க்கும் சோதனை இது ஒன்றுதான். பிறகு கேபின் ஓடும்போது திறக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; ஒன்றும் நடக்கக்கூடாது.

சோதனைக்கோ பழுது தேடவோ ஜம்பர் வயர் (ஒரு காண்டாக்டைத் தற்காலிகமாகத் தாண்டி இணைக்கும் வயர்) போட நேர்ந்தால், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நீளமாக இருப்பதையே போடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பையில் வையுங்கள். கதவுக் காண்டாக்டைத் தாண்டி மறந்துபோன ஒரு ஜம்பர், கதவு திறந்திருக்கக் கேபினை ஓடவிடும். புதிய கட்டுப்பாட்டுப் பேனல்களில் இதற்கென்றே ஒரு தாண்டு சுவிட்ச் உண்டு. அது போட்டிருக்கும்போது ஆய்வு முறை அல்லது அவசர மின் இயக்க முறையில் மட்டுமே கேபின் நகரும், நகரும்போது ஒலியெழுப்பும், கேபினுக்கு அடியில் விளக்கு மின்னும். அது இருக்கும் இடத்தில் ஜம்பருக்கு வேலையே இல்லை.

மாதாந்திரப் பார்வை

இங்குள்ள ஈரக் காற்றும், திறந்த நடைவழிகளில் அடிக்கும் மழைச்சாரலும், உணவுத் தொழிற்கூடங்களில் தரை கழுவும் நீரும் லிமிட் சுவிட்சுக்குப் பகை. கேபிள் நுழையும் கிளாண்டைக் கீழ்நோக்கி வைத்து, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் நீர் உள்ளே வழியாது. ஒவ்வொரு மாதமும் ரோலர் தாராளமாகச் சுழல்கிறதா, லீவரை விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள். மெதுவாகத் திரும்பும் லீவர் சில வாரங்களில் திரும்பாத லீவராகும், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வட்டத்துக்குள் அம்புக்குறி உள்ள அதே வகையா, லீவரின் நீளம் அதேதானா என்று பழையதை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் குறைந்த லீவர், கேமின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்று, பாரம் ஏற்றிய நேரங்களில் மட்டும் தோன்றும் பழுதாக உங்களை அலைக்கழிக்கும்.

அப்படி வந்து வந்து மறையும் பழுதைத் தேட, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை நில இணைப்புப் பக்கத்தில் வைத்து, மறுமுனையைப் பேனலின் டெர்மினல்களில் வரிசையாக நகர்த்துங்கள்; மின்னழுத்தம் எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் மறைகிறதோ அங்கே உள்ள காண்டாக்ட்தான் பிரிந்திருக்கிறது. அந்தக் கதவை இன்னொருவர் லேசாக ஆட்டும்போது அளவு துள்ளினால், பூட்டைத் திறந்து பாலத்தின் முனைகள் கறுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றிய பாகம், அளந்த ஆழம், நாள், செய்தவர் பெயர் ஆகியவற்றைப் பராமரிப்புப் பதிவேட்டில் அன்றைக்கே எழுதுங்கள். வரைபடத்தின் டெர்மினல் எண்ணையும் சேர்த்து எழுதினால், அடுத்த மாதம் வருபவர் மூன்று கதவுகளில் எது என்று தேட வேண்டியிருக்காது.